எஸ்தரின் கேபிள்களும் ஓர் ஆயுதபூஜைப் பொட்டும்

"எஸ்தர் ஒத்துக்க மாட்டாங்க சார், கனெக்டரை மாத்திட்டு வாங்க" என்று ஒரு கேபிள் வியாபாரியிடம் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பவானி என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். அவள் சோதனை வரிசையில் வேலை செய்கிறவள், ஷிப்ட் நடுவில் கொள்முதல் பிரிவுப் பக்கம் வரவே மாட்டாள். பேரம் படிகிற நேரம் என்பதால் இரு என்று கையைக் காட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் கத்தினேன். நம் சோதனை ஆய்வகத்து எஸ்தரின் பெயரைச் சொன்னால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கேபிள் வியாபாரியும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். அந்தப் பெயரை வைத்தே பாதிக் காரியத்தைச் சாதித்து வந்தவள் நான். போனை வைத்ததும் பவானி சொன்னாள்: "அக்கா, எஸ்தர் மேடம் பூட்டாங்கக்கா."

என் மண்டைக்குள் அது ஏறவில்லை. மணிமங்கலத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில் மார்பு வலி. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே பஸ்ஸில்தான் நான் வந்தேன். பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்து, "சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டா பாரு" என்று வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

கேன்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது, உங்களில் பலர் வந்திருந்தீர்கள். நம் பிளான்ட் ஹெட் ரங்கநாதன் சார் நன்றாகத்தான் பேசினார். குரல்கூட உடைந்தது. நடுவில் ஒரு வாக்கியம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை கவனக்குறைவா ஒரு தப்பு நடந்துபோச்சு. அதை விட்டுட்டுப் பார்த்தா, இவங்களை மாதிரி சுத்தமா வேலை பார்த்தவங்க இந்தப் பிளான்ட்ல கிடையாது." எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு "அதை விட்டுட்டுப் பார்த்தா" என்ன வேண்டிக்கிடக்கிறது?

அந்தத் தப்பை எஸ்தர் செய்யவில்லை. அதற்காக அவளுக்கு வரவேண்டிய ஆய்வகத் தலைமைப் பதவி வராமல் போனது. அவள் போன பிறகும் அது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செய்தது யார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்று எஸ்தர் கட்டளை போட்டிருந்தாள். இப்போது அதைச் செய்தவளே வந்து, "எழுதுங்கக்கா, என் பேரையும் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஆலை செல்போன் கோபுரங்களில் ஏற்றும் ரேடியோ பெட்டிகளைச் செய்கிறது. ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகுமுன் சோதனை மேசைக்கு வந்தாக வேண்டும். பெட்டிக்கும் அளக்கிற கருவிக்கும் நடுவே இருப்பது ஒரு கோஆக்சியல் கேபிள். கேபிள் சரியில்லை என்றால் நல்ல பெட்டியைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் கருவி சொல்லிவிடும். அந்தக் கேபிள்களுக்கெல்லாம் எஸ்தர் பொறுப்பு. அவற்றை வாங்கித் தருவது என் வேலை. நல்லதாக வேண்டும் என்பாள் அவள், கட்டுப்படியாக வேண்டும் என்பேன் நான். சண்டை வராமல் எப்படி இருக்கும்?

முதல் சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த கேபிளை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஐம்பது ஓம் என்று அச்சடித்திருக்கிறது, இரண்டும் ஒரே கனெக்டரில் பொருந்துகிறது, இவளுக்கு என்ன கொழுப்பு என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "மீனா, வேலை இல்லாட்டி லேபுக்கு வா. வேலை இருந்தாலும் வா."

போனேன். நான் வாங்கியதையும் அவள் கேட்டதையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக் கருவியில் மாட்டி வைத்திருந்தாள். குறைந்த அதிர்வெண்ணில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டியே போயின. "பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "இருடி, ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியா" என்று சொல்லி அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனாள். என் கேபிளின் கோடு மெல்லச் சரிந்து கீழே இறங்கியது. "மூணு டிபி. அப்படின்னா பாதி. இந்தப் பக்கம் நீ குடுத்ததுல பாதியை வழியிலயே தின்னுட்டான்" என்றாள்.

"யாரு?"

"நீ புடிச்சிகினு வந்த ஆளு."

பிறகு பிளேடால் இரண்டையும் குறுக்கே வெட்டிக் காட்டினாள். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், அதன்மேல் உலோகப் பின்னல், வெளியே கறுப்புத் தோல். அவள் கேட்டதில் பின்னலுக்கு அடியில் ஒரு தகடும் சுற்றியிருந்தது. பின்னலும் நெருக்கமாக இருந்தது. என்னுடையதில் பின்னல் பழைய கொசுவலை மாதிரி. "இதுல உள்ள கீறது வெளிய போவும், வெளிய கீறது உள்ள வரும். பக்கத்து மேசை சிக்னலைக் கேட்டுகினு இந்தப் பெட்டிக்கு மார்க் போடச் சொல்றியா?" என்றாள். நான் விடவில்லை. "அப்ப எது நல்ல கேபிள்னு ஒரு பேரைச் சொல்லிடு, அதையே வாங்கித் தொலைக்கிறேன்" என்றேன். அதற்கு அவள் சொன்னது அன்றிலிருந்து என் வேலைக்கு வழிகாட்டி: "நல்லதா கெட்டதான்னு கேக்காத. எவ்ளோ தூரம் போவணும், எவ்ளோ அதிர்வெண், எவ்ளோ வாட்டி வளைக்கப்போற, இதைச் சொல்லு. அப்புறம் எந்தக் கேபிள்னு அதுவே சொல்லும்."

அவள் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது என்று எழுதினால் அவளே எழுந்துவந்து சிரிப்பாள். ஒருமுறை இழப்பு குறைவு, இழப்பு குறைவு என்று தலைகீழாக நின்று, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேபிளைச் சோதனை மேசைக்கு வாங்க வைத்தாள். வேண்டாம், சாரைப்பாம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? ஒரு பெட்டியைக் கழற்றி அடுத்ததை மாட்டுவதற்குள் வரிசைப் பெண்களுக்கு மணிக்கட்டு கழன்றது. கேபிள் தன் விறைப்பாலேயே கனெக்டரை ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு வாரம் வீம்பாக இருந்தாள். அப்புறம் என் மேசைக்கு வந்து, நான் கேட்காமலேயே என் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "எவ்ளோ வாட்டி வளைக்கிறோம்னு என்னையே நான் கேட்டுக்கல. மெல்லிசா, நல்லா வளையறதா ஒண்ணு பாரு. நீளத்தைக் குறைச்சிக்கலாம், இழப்பு சரியாப் பூடும்" என்றாள். தோற்றதை அதைவிட அழகாக ஒத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. முறுக்கையும் காலி செய்துவிட்டாள்.

இன்னொருமுறை நான் அறிவாளித்தனமாக, டிவி கேபிளில் இழப்பு குறைவாமே, விலையும் குறைவு, அதையே போட்டால் என்ன என்று கேட்டேன். வியாபாரி ஒருவர் என் காதில் ஓதியிருந்தார். "அவன் சொன்னது நெஜம்தான்" என்று அவள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆனா அது எழுபத்தஞ்சு ஓம். நம்ம பெட்டி, கருவி எல்லாம் ஐம்பது. ஒரகடத்துல பெரிய ரோட்லேர்ந்து கன்டெய்னர் லாரிங்க வரிசையா வருது, திடீர்னு ரோடு அகலம் மாறுது. இன்னா ஆவும்? நாலு வண்டி ரிவர்ஸ் எடுக்கும். உங்க வூட்டு டிவிக்கு டிவிப் பெட்டியும் எழுபத்தஞ்சு, கேபிளும் எழுபத்தஞ்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. இங்க அந்த நாலு வண்டி போதும், அளவு தப்பாப் போறதுக்கு." நம் ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் இந்த விளக்கம்தான்.

ஆனால் வீட்டில் அவள் வேறு ஆள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மணிமங்கலத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மட்டன் பிரியாணியும் கல்கலா இனிப்பும் போட்டு என்னை எழுந்திருக்க முடியாமல் செய்துவிட்டாள். மழை பிடித்ததும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாடியிலிருந்து வரும் கேபிளின் இணைப்பு பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னாடி இது, லேப்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா ஊரைக் கூட்டுவ?" என்றேன். அவள் கணவர் ஜெபராஜ் சோபாவிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லாக் கேளுங்கம்மா. நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்." எஸ்தர் அசரவில்லை. "வூட்ல நான் எஞ்சினியர் இல்ல. படம் தெரியலன்னா கண்ணை மூடிகினு பாட்டைக் கேளுங்க" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.

ஆலையில் அவள் கண்டிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துணி காயப்போடும் கயிற்றைப்போல முழங்கையில் கேபிளைச் சுற்றியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். அப்படிச் சுற்றினால் உள்ளே நடுக் கம்பி இடம் மாறும், அந்த இடத்தில் சிக்னல் முட்டித் திரும்பும் என்பாள். வரிசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது கனெக்டரைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்லுவாள்: "கேபிளோட உயிர் அதோட வாயில கீது." மாட்டும்போது உடம்பைத் திருகக் கூடாது, நட்டை மட்டும் திருகணும். வேலை முடிந்தால் வாய்க்குச் சிவப்பு மூடி போடணும். வாயில் தூசி போனால் எவ்வளவு உசத்திக் கேபிளும் வீண். பவானியும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவள்தான். அவள் கேட்டதை மறக்கிற ஆள் இல்லை. பிரச்சினையே அதுதான்.

இப்போது அந்த ஆயுதபூஜைக்கு வருகிறேன்.

நம் ஆலை ஆயுதபூஜை எப்படி என்று தெரியும். இயந்திரங்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, போர்க்லிப்ட்டிலிருந்து கேன்டீன் கிரைண்டர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். எஸ்தர் ஒவ்வொரு வருஷமும் வந்து ஓரமாக நிற்பாள். "பொரிக்கு எந்த மதமும் கெடையாதுடி. பொட்டுக்கடலை கம்மியாப் போட்டாத்தான் எனக்குக் கோவம் வரும்" என்பாள். அந்த வருஷமும் பொரி வாங்கிக்கொண்டு என்னோடுதான் பஸ் ஏறினாள்.

விடுமுறை முடிந்து வரிசை ஓடத் தொடங்கியதும் பெட்டிகள் சரமாரியாகத் தோற்றன. காலையில் ஒரு அளவு, தேநீருக்குப் பிறகு வேறு அளவு. தோற்ற பெட்டியை மறுபடி மாட்டினால் தேறியது, தேறியது தோற்றது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையிடமிருந்து புதுக் கேபிள்கள் வாங்கியிருந்தேன். எஸ்தர் சோதித்து ஒப்புக்கொண்டவைதான், ஆனாலும் தேர்ந்தெடுத்தவள் நான். கேட்கவேண்டுமா? "புதுக் கேபிள்தான் காரணம்" என்று மதியத்துக்குள் ஆலை முழுக்கப் பேச்சு. சாயங்காலத்துக்குள் அந்தப் பட்டறைக்காரர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். நான் அவரிடம் கமிஷன் வாங்கினேன் என்றும் கிளப்பிவிட்டார்கள். ரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காரணம் தெரியணும் மேடம், இல்லாட்டி நீங்க பதில் சொல்லவேண்டி வரும்" என்றார். என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஒளிப்பானேன், கழிவறையில் போய் அழுதேன்.

மறுநாள் காலை எஸ்தர் என்னை லேபுக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க பாரு" என்றாள். கனெக்டரின் வாய்க்குள், நடு ஊசியைச் சுற்றி, வெள்ளை பிளாஸ்டிக்கின்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் சிவப்பு. எஸ்தர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"சந்தனம்டி" என்றாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரிப்புதான் வந்தது, அடக்க முடியவில்லை. அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஈரச் சந்தனம் உள்ளே இருந்தால் ஒரு அளவு. மாட்டிக் கழற்றி, சூடேறிக் காயக் காய வேறு அளவு. கேபிளில் குற்றமே இல்லை. ஆனால் அந்த வாயில் மாட்டிய ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் அது ஒட்டியிருக்கும். தேறிக் கட்டி வைத்த பெட்டிகளை எல்லாம் பிரிக்க வேண்டும், வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், சரக்கு தாமதமாகும்.

அதற்குள் பவானி வாசலில் வந்து நின்றிருந்தாள். பூதக்கண்ணாடியையும் எங்களையும் பார்த்த நொடியே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நான்தான் வெச்சேன்" என்றாள். "எல்லா மிஷினுக்கும் வெச்சாங்க. நம்ம கேபிளுக்கு மட்டும் யாருமே வெக்கல. பாவமா கீதேன்னு வெச்சேன்."

"வெச்சது சரி. சிவப்பு மூடி எங்கம்மா போச்சு?"

"மூடி மேல வெச்சா மூடிக்குத்தான மேடம் பொட்டு? கேபிளுக்கு ஆவாதேன்னு கழட்டிட்டு வெச்சேன். பூஜை முடிஞ்சதும் திருப்பி மாட்டிட்டேன்."

"வெளிப்பக்கமா, நட்டு மேல வெச்சிருக்கலாமே?"

பவானி அழத் தொடங்கினாள். "நீங்கதான மேடம் சொன்னீங்க, உயிர் வாயிலதான் கீதுன்னு."

எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தாள். "சொன்னேன்" என்றாள் கடைசியில்.

பவானி அப்போது ஒப்பந்தத் தொழிலாளி. வாலாஜாபாத்துக்கும் உள்ளே ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்கு வருகிறவள். கணவர் லாரி விபத்தில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். வருஷக்கணக்கில் காத்திருந்து, அந்த மாதம்தான் நிரந்தரம் ஆகிறவர்களின் வரிசையில் அவள் பெயர் வந்திருந்தது. சோதனை நேரம் தவிர கனெக்டர் மூடியை அனுமதி இல்லாமல் கழற்றக் கூடாது என்பது ஆலையில் எழுதி ஒட்டிய விதி. அதை மீறிய ஒப்பந்தக்காரர்கள் அடுத்த நாள் வாசலுக்குள் வந்ததில்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும். எஸ்தர், "போய் மூஞ்சியைக் கழுவு. யார்கிட்டயும் எதுவும் பேசாத" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்தர் அன்று சும்மா இருந்திருக்கலாம். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, "கேபிள் சரியில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கேள்வி கேட்க ஆளில்லை. பவானி தப்பித்திருப்பாள், எஸ்தரும் தப்பித்திருப்பாள். ஆய்வகத் தலைவராக அவளைப் போடப்போகிறார்கள் என்று ஆலை முழுக்கத் தெரிந்திருந்த நேரம் அது, பட்டுப்புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். நானும் அந்தப் பட்டறைக்காரரும்தான் மாட்டியிருப்போம். அந்த எண்ணம் எனக்கு வந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் அவள் கனெக்டரைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். "கேபிள்ல ஒரு குறையும் இல்ல சார். வாங்கினதும் சரி, வாங்கின இடமும் சரி. மீனா மேடத்தைப் பத்திப் பேசினவங்க எல்லாரும் இதை ஒரு வாட்டி நல்லாப் பாத்துக்குங்க" என்று தொடங்கினாள். காரணத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்தெந்தப் பெட்டிகளைப் பிரிக்கவேண்டும், எப்படித் துடைக்கவேண்டும் எல்லாம் சொன்னாள். ரங்கநாதன் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொட்டு வெச்சது யாரு?" என்றார்.

"நான்தான் சார்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் ஓவர்டைம்கூடப் பார்க்காதவள் எஸ்தர். அவள் நெற்றியில் ஒருநாளும் யாரும் பொட்டைப் பார்த்ததில்லை.

"நீங்களா? நீங்க எப்படி..."

"ஆயுதபூஜை எல்லாருக்கும்தான சார்? வருஷா வருஷம் பொரி வாங்கறேன் இல்ல?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குப் பைத்தியமா? புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் தப்பா இருந்தா அறிக்கையைக் கிழிச்சுப் போடறவ நீ. இவ்வளவு பெரிய பொய்யில கையெழுத்துப் போடறியே?"

"முழுப் பொய் இல்லடி. மூணு டிபி பொய்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் படப்பையைத் தாண்டியது. பிறகு சொன்னாள்: "அவ மறதியாச் செஞ்சிருந்தா நான் மாட்டி விட்டிருப்பேன். நான் சொன்னதை நெஞ்சுல வெச்சிகினு செஞ்சா பாரு. அவ்ளோ பேருக்கு வகுப்பு எடுத்தேன், யாரு அப்படிக் கேட்டா? உயிர் அங்கதான்னு சொல்லிக் குடுத்துட்டு, அங்கயே பொட்டு வெச்சவளை வூட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

"பதவி போகும்டி."

"போவும்" என்றாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "ஆசைப்பட்டேன் மீனா. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப ஆசைப்பட்டேன்." கையில் இருந்த கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியமெல்லாம் வேணாம், சரின்னு சொல்லு, போதும்." சரி என்றேன்.

பதவி போனது. வேறு ஊர் ஆலையிலிருந்து ஒருவர் தலைவராக வந்தார். எஸ்தர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து லேபைச் சுற்றிக் காட்டினாள். "நல்ல மனுஷன்டி. ஆனா கேபிளை முழங்கைல சுத்தறாரு" என்று மட்டும் என்னிடம் முனகினாள். பட்டுப்புடவையை அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கட்டினாள். அன்று அவள் அழகாக இருந்தாள். பவானிக்கு அந்த மாதமே நிரந்தர ஆணை வந்தது.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள், காலை ஷிப்ட் தொடங்குமுன் எல்லாரும் வரிசையாக நிற்கிற நேரத்தில் பவானி முன்னால் வந்தாள். ரங்கநாதன் சாரும் அன்று தளத்தில் இருந்தார்.

"சார், நேத்து நீங்க ஒரு தப்புன்னு சொன்னீங்களே, அது எஸ்தர் மேடம் பண்ணல. நான்தான் மூடியைக் கழட்டிப் பொட்டு வெச்சேன். அவங்க இருக்கும்போது சொல்ல வுடல. இப்ப என்னை வேலைய வுட்டு எடுத்தாலும் பரவால்ல சார். அந்தத் தப்பை அவங்க பேர்ல இருந்து எடுத்துடுங்க."

ரங்கநாதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார்.

என்னால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இடம் பொருள் பார்க்காமல் கத்தினேன். "தெரிஞ்சுமா சார் அவளுக்குப் பதவி குடுக்கல?"

"அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க மேடம்" என்றார் அவர். "அது பொய்னு நான் சொல்லியிருந்தா இந்தப் பொண்ணை அனுப்பியிருக்கணும். அனுப்பியிருந்தா எஸ்தர் மேடம் என் மூஞ்சில முழிச்சிருப்பாங்களா?" கொஞ்சம் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நேத்து நான் பேசினதுல அந்த வரி தப்பு. அதை நான் திரும்ப வாங்கிக்கறேன்." பவானியிடம், "நீ போய் உன் மேசையைப் பாரும்மா" என்றார். அவள் போனாள். கேபிளை எடுத்து, மூடியைக் கழற்றி, வாயைத் துடைத்து, பெட்டியில் மாட்டினாள்.

ஆக, அவள் பேரிலிருந்த கறை துடைக்கப்பட்டுவிட்டது. எல்லார் முன்னாலும், நல்ல வெளிச்சத்தில். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாற்றினாய், பொய்யைச் சொல்லி பவானியைக் காப்பாற்றினாய், உனக்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள உனக்கு வாய் வரவில்லையா என்று அவளைப் பிடித்துக் கேட்கவேண்டும்போல் இருந்தது. எத்தனையோ சண்டைகள் போட்டோம், இதை மட்டும் போடாமல் விட்டுவிட்டேன். அவள் நினைவாக ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். லேபுக்கு அவள் சேர்த்த கேபிள்கள், ஜெபராஜுக்கு அவர்கள் வீடு, பவானிக்கு அவள் வேலை. எனக்கு இந்தக் கோபம். இதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை, ஆறவிடவும் போவதில்லை. அவளோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.